தக்காளியில் வளையப் புள்ளி, புடலையில் மஞ்சள் கட்டம், அவரையில் வெள்ளைப் பொடி: மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை வைத்திருக்கிறார். ஒரு பந்தலில் புடலை, இன்னொன்றில் அவரை. பகலில் வேலைக்குப் போய்விடுவதால், மாலை ஆறரை மணிக்கு மேல் போர்வெல் குழாயைப் பிடித்துச் செடிகளைத் தலையோடு நனைத்துவிடுகிறார். ஐப்பசி மழைக்குப் பிறகு தக்காளியின் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்து மேல்நோக்கி ஏறுகின்றன. புடலை இலைகள் மஞ்சள் கட்டம் கட்டமாகிக் காய்கின்றன. அவரையில் வெள்ளைப் பொடி படிகிறது. இரண்டு கத்தரிச் செடிகள் பச்சையாக இருக்கும்போதே மதியம் வாடி, இரண்டு நாளில் செத்துவிட்டன. வெண்டையும் மஞ்சளாகிறது.

கடையில் கேட்டதற்கு, பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தில் கொஞ்சம் பொடியை மடித்துக் கொடுத்து, "கார்பென்டாசிம், எல்லா பூஞ்சைக்கும் கேட்கும்" என்றிருக்கிறார்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தடவை அடித்தும் பலனில்லை. மாமியார் சாம்பல் தூவச் சொல்கிறார். கணவர் விதை சரியில்லை என்கிறார். பக்கத்து வயல் தக்காளியிலிருந்துதான் நோய் வருகிறதா, வருடாவருடம் இடம் மாற்றி நட்டும் ஏன் போகவில்லை, தோட்டத்தையே விட்டுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். இலைகளின் படங்களையும் இணைத்திருந்தார்.

அன்புச் சகோதரிக்கு,

தோட்டத்தை விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு நோயல்ல, ஐந்து வெவ்வேறு சங்கதிகள். எல்லாவற்றையும் பூஞ்சை என்ற ஒரே பெயரில் கட்டி, ஒரே பொடியால் தீர்க்கப் பார்த்ததால்தான் எதுவும் தீரவில்லை. இவற்றில் பாதிக்கு மேல், மருந்துக்குச் செலவே இல்லாமல் அடுத்த பட்டத்தில் வராமல் தடுக்க முடியும்.

முதலில் எது எது என்று பிரிப்போம்

நீங்கள் அனுப்பிய படத்தில் தக்காளி இலையின் பழுப்புப் புள்ளிக்குள் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் தெரிகின்றன. சுற்றி மஞ்சள் விளிம்பும் இருக்கிறது. இது ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வரும் முன்பருவ இலைக்கருகல். முதிர்ந்த அடி இலையில் தொடங்கி மேலே ஏறுவது இதன் வழக்கம். காய் பிடித்துக் களைத்த செடியிலும், உரம் போதாத செடியிலும் வேகமாகப் பரவும். பின்பருவ இலைக்கருகல் வேறு. அதில் இலையில் வெந்நீர் பட்டதுபோல் பெரிய கரும்பச்சைத் திட்டு உண்டாகும். காலையில் அதன் அடியில் வெள்ளைப் பூசணம் தெரியும். ஒரே வாரத்தில் செடி முழுவதும் கருகிவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரும் மூடுபனியும் சேரும் நாட்களில் அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். உங்களுடையது அதுவல்ல.

புடலை இலையின் மஞ்சள் கட்டங்கள் நரம்புக்கு நரம்பு அடைபட்டு, ஓரங்கள் நேராக இருக்கின்றன. விடியற்காலையில் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் கட்டத்துக்கு நேர் அடியில் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் மெல்லிய பூசணம் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். வெயில் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்துவிடும், அதனால் காலையிலேயே பார்க்க வேண்டும்.

அவரையின் வெள்ளைப் பொடி சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் பொடி கையோடு வரும். பெயர் ஒத்திருந்தாலும் இதுவும் புடலையின் அடிச்சாம்பலும் வேறு வேறு இனம், மருந்தும் வேறு.

கத்தரி வாடியதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அடுத்த செடி வாடினால் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். தரையை ஒட்டிய தண்டில் வெள்ளை நூலும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சையால் வரும் தண்டழுகல். அடி இலைகள் சில நாட்கள் மஞ்சளாகி, பிறகு வாடி, தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் ஃப்யூசேரியம் வாடல். இரண்டும் இல்லாமல் பச்சையாகவே சடாரென்று வாடியிருந்தால், அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் நிறத்தில் இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சைக்கொல்லி எதுவும் அதற்குக் கேட்காது. நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இதையே அதிகம் சந்தேகிக்கிறேன்.

வெண்டையின் மஞ்சள் நரம்பு, வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதுவும் பூஞ்சையல்ல. அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, அடுத்த முறை அந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். இங்கே வெண்டையைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் பொட்டல மருந்தைப் பற்றி

கடைக்காரர் சொன்னபடி அது கார்பென்டாசிம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அடிச்சாம்பலையும் பின்பருவக் கருகலையும் உண்டாக்குபவை உண்மையான பூஞ்சை இனத்தைச் சேர்ந்தவையே அல்ல. அவற்றின் மேல் கார்பென்டாசிம் வேலை செய்யாது. உங்கள் தக்காளியில் உள்ள ஆல்டர்னேரியாவும் இந்த மருந்துக்கு அசையாத வகை. சாம்பல் நோய்க்கு ஓரளவு கேட்கும், ஆனால் திரும்பத் திரும்ப அடித்தால் அந்தப் பூஞ்சையும் பழகிக்கொள்ளும். மூன்று தடவை அடித்தும் பலனில்லாததற்கு உங்கள் கைப்பழக்கம் காரணமல்ல. நோய்க்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. உங்கள் வீட்டில் தினமும் காய் பறிக்கிறீர்கள். லேபிள் இல்லாத பொடியில் எத்தனை கிராம் கலப்பது, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிப்பது, குழந்தை கை வைத்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி இந்த மருந்துகளை உரிமம் பெற்றவர் மட்டுமே, லேபிளும் விவரத் தாளும் உள்ள மூடிய பாக்கெட்டாகத்தான் விற்க வேண்டும். லேபிளில் நச்சுத்தன்மையைக் காட்டும் நிற முக்கோணம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. பில்லும் மூடிய பாக்கெட்டும் கேட்பது உங்கள் உரிமை. தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள், வட்டார வேளாண் அலுவலகத்தில் சொல்லவும் செய்யலாம். மீதிப் பொட்டலத்தைச் சமையலறையில் வைக்க வேண்டாம். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் வேண்டாம். ஒரு மூடிய டப்பாவில் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். கலக்கப் பயன்படுத்திய கரண்டி சமையலுக்கு இனி ஆகாது. மூன்று தடவையும் அடித்த செடிகளின் காய்களைக் கடைசித் தெளிப்பிலிருந்து இரண்டு வாரம் போகும்வரை பறித்துச் சாப்பிடாதீர்கள். எவ்வளவு கலந்தீர்கள் என்பது தெரியாத நிலையில் இந்த அளவு எச்சரிக்கை தேவை.

இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது?

உங்கள் தோட்டத்தில் மாற்ற வேண்டிய முதல் விஷயம் இது. ஆல்டர்னேரியாவின் வித்து காற்றிலோ மழைத்துளித் தெறிப்பிலோ இலையில் வந்து விழுந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. அது முளைத்து இலைக்குள் புக, இலைமேல் தண்ணீர்ப் படலம் தொடர்ந்து பல மணி நேரம் இருக்க வேண்டும். மாலை ஆறரைக்கு நீங்கள் தலையோடு நனைத்த இலை இரவில் காயாது. அதன் மேல் கார்த்திகைப் பனியும் இறங்கும். மறுநாள் எட்டரை, ஒன்பது மணிக்கு வெயில் ஏறித்தான் காயும். அதாவது கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஈரம். அதே தண்ணீரைக் காலை ஆறரைக்கு ஊற்றியிருந்தால், இலையில் பட்டிருந்தாலும் சில மணி நேரத்தில் காய்ந்திருக்கும்.

காலையில் நேரமில்லை என்றால் மாலையிலேயே ஊற்றுங்கள், ஆனால் இலையில் படக்கூடாது. செடிகளைப் பாரில், அதாவது மேட்டு வரிசையில் நட்டு, குழாயின் முனையை இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள சாலில் தரையோடு போட்டுவிட்டால் தண்ணீர் தானாக ஓடி வேருக்குப் போகும். கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். 5 சென்ட்டுக்குச் சின்னச் சொட்டுநீர்க் குழாயும் போடலாம், ஆனால் உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு சொட்டு வாயை அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய முடிந்தால் மட்டும் அந்தச் செலவில் இறங்குங்கள்.

அடுத்து, தெறிப்பு. முந்தைய பட்டத்துத் தக்காளியின் காய்ந்த இலைத் துண்டுகளில் வித்துகள் மண்ணில் கிடக்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து எகிறும்போது அவை அடி இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டும். நோய் எப்போதும் கீழிருந்து தொடங்குவது இதனால்தான். இதைத் தடுக்க உங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் பொருள் கேழ்வரகுத் தாள். இரண்டு மூன்று அங்குல கனத்துக்கு மண்ணை மூடுங்கள், தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் மட்டும் விட்டுவிடுங்கள். தண்டோடு ஒட்டினால் அங்கே அழுகல் பிடிக்கும். நிலக்கடலைக் கொடியையும் தொலியையும் மூடாக்காகப் போடாதீர்கள். கடலையைத் தாக்கும் தண்டழுகல் பூஞ்சையின் கடுகு உருண்டைகள் அதில் வந்து, தக்காளிக்கும் கத்தரிக்கும் தாவும்.

தக்காளியைக் குச்சி நட்டுக் கட்டுங்கள். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். உங்கள் படத்தில் இரண்டு செடிகளுக்கு நடுவே கை நுழைய இடமில்லை. நிறைய நட்டால் நிறையக் காய் என்று எண்ணிவிடுகிறோம், நெருக்கத்தில் காற்று ஓடாததால் ஈரம் காயாமல், எண்ணிக்கை கூடினாலும் காய் குறைகிறது. முதல் கொத்துக் காய் பிடித்ததும் தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை உள்ள இலைகளை, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று என்று, இலை காய்ந்த முற்பகலில் கிள்ளி எடுங்கள். நனைந்த செடியைத் தொடவே வேண்டாம், உங்கள் கையே நோயைக் கடத்தும்.

கிள்ளிய இலைகளைக் குப்பைக்குழியில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும் எருக்குழியில்தான் ஆல்டர்னேரியா சாகும். வீட்டுக் குழி பெரும்பாலும் அந்தச் சூட்டுக்குப் போகாது. அதையே எருவாக்கி மறுபடி தக்காளிக்குப் போட்டிருந்தால், நோயை நீங்களே நட்டிருக்கிறீர்கள். தக்காளி, கத்தரிக் கழிவை எரித்துவிடுங்கள், அல்லது தோட்டத்துக்கு வெளியே ஆழப் புதையுங்கள். அவரையின் சாம்பல் நோய் இலைகளைக் குழியில் போடலாம். அந்தப் பூஞ்சை உயிருள்ள செடியில்தான் பிழைக்கும், இலை மக்கினால் அதுவும் போய்விடும்.

இதே பேச்சில் ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நோய்க்கு இலையில் தண்ணீர் தேவையே இல்லை, தண்ணீர்ப் படலம் அதற்குக் கெடுதல். நிழலும், நெருக்கமும், பகல் வறட்சியும், இரவுக் குளிர்ச்சியும் இருந்தால் போதும். கார்த்திகை மார்கழியில் உங்கள் மாவட்டத்து வானிலை அதற்கு எழுதி வைத்ததுபோல் இருக்கும். எனவே அவரைக்கு மருந்து முதலில் வெளிச்சம். பந்தலின் உள்பக்கம் முற்றிய, நிழலில் வெளுத்த இலைகளைக் கழித்து, கொடிகளைப் பிரித்து விடுங்கள்.

இடம் மாற்றினீர்கள், குடும்பம் மாறவில்லை

போன வருடம் தக்காளி இருந்த பாத்தியில் இந்த வருடம் கத்தரியும், கத்தரி இருந்த பாத்தியில் தக்காளியும் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். பாக்டீரியா வாடலுக்கு அத்தனையும் விருந்து. ஆல்டர்னேரியாவும் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கில் மாறி மாறித் தங்கும். ஆகவே நீங்கள் மாற்றியது செடியை மட்டும்தான், நோய்க்குச் சாப்பாடு நிற்கவில்லை.

ஒரு பாத்தியில் இந்தக் குடும்பத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் வேறு குடும்பம் வர வேண்டும். இடத்தை நான்கு பாத்தியாகப் பிரித்து, ஒன்றில் தக்காளி வகை, ஒன்றில் அவரை, காராமணி, ஒன்றில் கீரை, வெங்காயம், முள்ளங்கி, ஒன்றில் பந்தல் கொடி என்று சுற்றிவிடுங்கள். கத்தரி செத்த பாத்தியில் ஒரு பட்டம் கேழ்வரகோ மக்காச்சோளமோ போடுவது இன்னும் நல்லது. வாடல் பாக்டீரியாவுக்கு அவற்றில் தீனி இல்லை.

வெயில் விழும் பாத்தி ஒன்றுதான், மற்றவை வேம்பு நிழலில் இருக்கின்றன என்பது உங்கள் சிரமம். வேம்பின் தாழ்ந்த கிளைகள் நான்கைக் கழித்தால் இன்னொரு பாத்தி கிடைக்கும் என்று படத்தில் தெரிகிறது. அது முடியாவிட்டால், அடுத்த இரண்டு வருடம் தக்காளியை மட்டும் அதே வெயில் இடத்தில் பைகளில் வையுங்கள். தரையில் கனமான ஷீட் விரித்து, மேலே செங்கல் அடுக்கி, அதன் மேல் பைகளை நிறுத்தினால் பழைய மண்ணோடு தொடர்பு அற்றுவிடும். கலவைக்குத் தோட்ட மண்ணை எடுக்காமல், வெளியிலிருந்து செம்மண்ணும் மக்கிய எருவும் நார்த்தூளும் சம பங்கு கலந்து நிரப்புங்கள். பையின் அடித் துளைகளை அடைக்கக்கூடாது. நார்த்தூள் உள்ளே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மேல் மண் காய்ந்தது போலத் தெரியும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்காமல் ஊற்றினால் வேரழுகும்.

காலியாக விடும் பாத்தியைப் பங்குனி சித்திரை வெயிலில் சுட வைக்கலாம். கொத்திச் சமப்படுத்தி, நன்றாக நீர் பாய்ச்சி, நிறமற்ற பாலித்தீன் தாளை இழுத்து விரித்து, ஓரம் முழுதும் மண் போட்டு மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே இறங்க நிறமற்ற தாள்தான் வேண்டும். ஈர மண்தான் சூட்டைக் கீழே கடத்தும், அதனால் நீர் பாய்ச்சாமல் மூடாதீர்கள். மேல்மண்ணில் உள்ள பூஞ்சைகள் பெருமளவு சாகும். ஆழத்தில் இருப்பவை தப்பும் என்பதால் பயிர் மாற்றத்தையும் விடக்கூடாது.

என்ன தெளிப்பது, எவ்வளவு, எப்போது

வீட்டுக்கு 2 லிட்டர் கைத்தெளிப்பான் போதும். அளவுகளை அதற்கே சொல்கிறேன். நோய் வருமுன் காப்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருடங்களாகப் பரிந்துரைக்கும் இரண்டு உயிரிகள் உண்டு: டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை மண்ணுக்கு, சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா விதைக்கும் இலைக்கும்.

டிரைக்கோடெர்மா 100 கிராமை 10 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் 15 நாள் வைத்து, நடும்போது குழிக்கு ஒரு கை போடுங்கள். எரு இல்லாமல் வெறும் பொடியாகத் தூவினால் அதற்குத் தீனியில்லாமல் செத்துப்போகும். விதைக்குச் சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம் கணக்கு. உங்கள் கையளவு விதைக்கு ஒரு சிட்டிகையும் சில துளி தண்ணீரும் போட்டுப் பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். நாற்றழுகலுக்கு இதைவிட முக்கியம், நாற்றுத் தட்டில் நெருக்கி விதைக்காமல், ஒருநாளைக்கு ஒரு தடவை காலையில் மட்டும் தண்ணீர் தெளிப்பது. இலைக்கு 2 லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ், 15 நாளுக்கு ஒருமுறை. பொடியை அரை மணி நேரம் ஊற வைத்துத் துணியில் வடிகட்டுங்கள், இல்லையேல் தெளிப்பானின் வாய் அடைக்கும். நடுவெயில் இந்தக் கிருமியைக் கொல்லும், அதனால் மாலை நான்கரை வாக்கில் அடியுங்கள். மாலையில் இலையை நனைக்காதே என்று இப்போதுதான் சொன்னீர்களே என்று கேட்பீர்கள். மெல்லிய தூவானம் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும், குழாய் வெள்ளம்தான் காயாது.

உங்கள் மாவட்டத்தில் தெளிப்புகள் தவறிப்போக ஒரு பெரிய காரணம் தண்ணீர். போர்வெல்லின் கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துவிடும். திரிந்தால் வேப்பெண்ணெய் தண்ணீரோடு சேராமல் மேலே மிதந்து, கடைசியில் அடிக்கும் செடியில் மட்டும் எண்ணெயாக விழுந்து இலையைப் பொசுக்கும். தெளிப்புக்கு மட்டும் மழைநீரோ, குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரோ எடுங்கள். குடிநீரில் குளோரின் இருப்பதால், சூடோமோனாஸ் கலக்குமுன் ஒருநாள் வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வையுங்கள். வேப்பெண்ணெய் என்றால் 6 மில்லியை முதலில் சோப்புக் கரைசலில் நன்றாகக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து 2 லிட்டராக்குங்கள்.

அவரையின் சாம்பல் நோய்க்கு, வெள்ளை தென்பட்ட அந்த வாரமே, 200 மில்லி பாலில் 1,800 மில்லி தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை காலை வெயிலில் அடியுங்கள். பிரேசிலில் சுரைக்காய் இனத்துச் செடிகளில் செய்த ஆய்வு 1999இல் வெளியானதிலிருந்து உலகம் முழுவதும் இதைக் கையாளுகிறார்கள். நம் ஊரில் புளித்த மோரை இதே அளவில் அடிக்கிறார்கள், அதையும் செய்யலாம். பத்து நாளில் கட்டுப்படாவிட்டால் நனையும் கந்தகம் 2 லிட்டருக்கு 4 கிராம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும், இப்போது கார்த்திகையில் பயமில்லை. வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் போகாமல் கந்தகம் அடிக்கக்கூடாது. புடலை வகைக் கொடிகளில் முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள்.

தக்காளிக் கருகலுக்கும் அடிச்சாம்பலுக்கும் தாமிர மருந்து பொதுவானது. காப்பர் ஆக்சிகுளோரைடு 2 லிட்டருக்கு 5 கிராம். அல்லது போர்டோக் கலவை. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றினால் 10 லிட்டர் ஒரு சதவீதக் கலவை வரும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் பலன் போய்விடும். இளங்கொடிகளுக்குப் பாதி வீரியம் போதும்.

தாமிரம் காக்கும் மருந்து, ஆற்றும் மருந்தல்ல. ஏற்கெனவே புள்ளி விழுந்த இலையை அது பச்சையாக்காது. மழைக்கு முன் அடித்தால்தான் பயன். மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒரு பட்டத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் நான் சொல்லமாட்டேன். தாமிரத்தையும் சூடோமோனாஸையும் ஒன்றாகக் கலந்தால் கிருமி செத்துவிடும், நடுவில் 15 நாள் விடுங்கள். எந்தப் பாக்கெட் மருந்தானாலும் கையுறை, முகத்துணி, முழுக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது, லேபிளில் சொன்ன நாள்வரை பறிக்காமல் இருப்பது ஆகியவை கட்டாயம்.

மாமியார் சொல்லும் சாம்பலை மறுத்துப் பேச வேண்டாம். அசுவினிக்கும் சில வண்டுகளுக்கும் அது உதவும். பூஞ்சைக்கு உதவும் என்று சொல்ல முடியவில்லை. அவரையில் தூவினால் சாம்பல் எது, சாம்பல் நோய் எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். உங்கள் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது என்பதால் மண்ணிலும் அதிகம் கொட்ட வேண்டாம்.

கணவர் சொல்லும் விதைப் பழுதும் முழுக்கத் தவறில்லை. ஆல்டர்னேரியா விதையோடும் வரும். நோயுள்ள செடியின் பழத்திலிருந்து விதை எடுத்திருந்தால் இந்த முறை வேண்டாம். பக்கத்து வயலைப் பொறுத்தவரை, அடிச்சாம்பல் வித்தும் பின்பருவக் கருகல் வித்தும் காற்றில் வெகுதூரம் வரும், எந்த வேலியும் தடுக்காது. ஆனால் உங்கள் தக்காளியில் இருக்கும் கருகலுக்கு உங்கள் மண்ணும் குப்பைக்குழியுமே போதும். பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போவதில் பொருளில்லை. அவர் தோட்டத்தில் கருகல் தொடங்கினால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டு வையுங்கள், தாமிரம் அடிக்க வேண்டிய நாள் அதுதான்.

இந்த வாரம் என்ன செய்வது

புடலை ஓய்ந்துவரும் கொடி. பாதிக்கு மேல் இலை போயிருந்தால் பிடுங்கிவிடுங்கள், அதற்கு மருந்துச் செலவு வீண். அவரை இப்போதுதான் பூக்கத் தொடங்கும், மார்கழி தை முழுதும் காய்க்கும். உங்கள் நேரத்தையும் பாலையும் அதற்குக் கொடுங்கள். தக்காளியில் அடி இலைகளை எடுத்து, கேழ்வரகுத் தாள் மூடாக்குப் போட்டு, ஒரு தடவை தாமிரம் அடியுங்கள். தாமிரம் அடித்த நாளிலிருந்து லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் தனியாகக் கணக்கு. நுனியில் புதிய இலை சுத்தமாக வந்தால் மீதிக் கொத்துகள் தேறும். வாடிய கத்தரி இருந்த குழியின் மண்ணை வேறு பாத்திக்கு மண்வெட்டியில் கூட எடுத்துச் செல்லாதீர்கள், மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

இன்னொரு கத்தரி வாடினால், காவேரிப்பட்டணம் அருகே பையூரில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். தருமபுரிப் பக்கத்து வாசகர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. முழுவதும் செத்த செடியைக் கொண்டுபோகாதீர்கள், அதில் வேறு அழுகல்கள் சேர்ந்திருக்கும். பாதி வாடிய செடியை வேரோடும் ஒரு பிடி மண்ணோடும் தோண்டி, வேரை மட்டும் பையில் கட்டுங்கள். இலைகளை ஈரப் பாலித்தீனில் அடைக்காமல் செய்தித்தாள் மடிப்பில் வைத்து, அன்றைக்கே கொண்டு போங்கள். எப்போது நட்டீர்கள், என்னென்ன அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தப் பொட்டலப் பொடியையும் மறைக்காமல் எழுதுங்கள்.